சென்னை வீட்டுத் தோட்டத்தில் பருவந்தோறும் பூக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மொட்டை மாடியிலும் பால்கனியிலும் வாசலோரத்துத் துண்டு மண்ணிலும் பூச்செடி வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம். இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ஒன்றுதான். பூ வேண்டிய மாதத்தில்தான் செடியின் பக்கம் திரும்பிப் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பூவுக்கான வேலை அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சென்னையில் பூந்தோட்டத்துக்கு ஆண்டு எந்த மாதத்தில் தொடங்குகிறது?

மழை ஓயும் மார்கழியில் தொடங்குகிறது என்று கொள்வதே நல்லது. விதை உறைகளின் பின்புறம் அச்சிட்டிருக்கும் பருவ அட்டவணைகள் பலவும் குளிர்காலம் உள்ள ஊர்களுக்காகப் போடப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நாற்று கொட்டும் மழையிலோ கொளுத்தும் வெயிலிலோ போய் மாட்டிக்கொள்ளும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொட்டிவிடுகிறது. தை மாத இரவுகளில்கூட வெப்பநிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுவதால், மலைப்பகுதிக் குளிரை நம்பிப் பூக்கும் செடிகளுக்கு இங்கே வழியில்லை.

ஆகவே நமது ஆண்டை இப்படிப் பார்க்கலாம். மார்கழி முதல் மாசி வரை செடிக்கு இதமான காலம். வெட்டவும் உரமிடவும் தொட்டி மாற்றவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. பங்குனி முதல் ஆனி வரை வெயிலும் மல்லிகையும். ஆடியிலிருந்து புரட்டாசி வரை பகலில் வெயிலும் சில மாலைகளில் இடியோடு கூடிய மழையும் மாறி மாறி வருவதால் விதைப்புக்கு ஏற்ற காலம். ஐப்பசியும் கார்த்திகையும் செடியைக் காப்பாற்றிக் கரைசேர்க்க வேண்டிய மாதங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பால்கனி மட்டுமே இருக்கிறது. எந்தப் பூ வைக்கலாம்?

முதலில் பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கிறது. இதனால் வடக்குப் பார்த்த பால்கனியில் கோடையில் வெயில் உள்ளே வரும், மார்கழியில் துளியும் வராது. தெற்குப் பார்த்த பால்கனியில் நிலைமை இதற்கு நேர்மாறு. போன தையில் நன்றாகப் பூத்த சாமந்தித் தொட்டி அதே இடத்தில் சித்திரையில் சோர்ந்து நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தெற்குப் பார்த்த பால்கனிக்குச் சாமந்தி, செண்டுமல்லி, டிசம்பர் பூ ஆகியவை பொருந்தும். வடக்குப் பார்த்ததில் டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி போன்ற கோடைப் பூக்களை வைத்துவிட்டு, மழைக்குப் பின் தொட்டிகளை வெயில் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். கிழக்குப் பால்கனி வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால் ஏறக்குறைய எல்லாச் செடியும் ஏதோ ஓரளவுக்குப் பூக்கும். மேற்குப் பால்கனியின் மாலை வெயில் கடுமையானது. அங்கே காகிதப்பூவும் அரளியும்தான் சளைக்காமல் நிற்கும்.

மல்லிகையை எப்போது கவாத்து செய்ய வேண்டும்?

வீட்டுத் தோட்டத்தில் மிக அதிகமாகத் தள்ளிப்போடப்படும் வேலை இது. பலனை மிக அதிகமாகப் பாதிக்கும் வேலையும் இதுதான். மல்லிகை புதிதாகத் துளிர்க்கும் தண்டின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளைகளை வெட்டாமல் விட்டால் செடி உயரமாகப் படர்ந்து, இலையாகவே நின்று, நுனியில் மட்டும் நாலு பூ காட்டும்.

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுவது தமிழ்நாட்டு மல்லிகை விவசாயிகளின் வழக்கம். சென்னைவாசிகள் இதைச் சற்றே தள்ளிவைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. இங்கே டிசம்பரிலும் புயல் வரும். 2016-இல் வர்தா டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்தது, 2023-இல் மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரத்தில் நகரை மூழ்கடித்தது. வெட்டிய முனைகள் ஆறுவதற்குள் நாள் கணக்கில் நனைந்தால் முனையிலிருந்து கருகல் உள்ளே இறங்கும். எனவே கார்த்திகை தீபம் முடிந்து, வானம் தொடர்ந்து சில நாட்கள் தெளிவாக இருக்கும்போது கத்தரியை எடுங்கள். மார்கழி பாதிக்குள் முடித்துவிட்டால் போதும்.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். காய்ந்த குச்சிகள், உள்நோக்கி வளரும் கிளைகள், பென்சில் தடிமன்கூட இல்லாத மெலிந்த கிளைகள் ஆகியவற்றை அடியோடு நீக்குங்கள். மற்றவற்றைப் பாதி உயரத்துக்குக் குறைத்து, எஞ்சிய இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். பார்ப்பதற்கு வெறும் குச்சிகளாக நிற்கும் செடியைக் கண்டு வீட்டில் பெரியவர்கள் கடிந்துகொள்ளக்கூடும், கலங்க வேண்டாம். மேல்மண்ணைக் கிளறி, தரையில் நட்ட செடிக்குப் பத்துக் கிலோ அளவிலும் தொட்டிச் செடிக்கு இரண்டு கையளவிலும் மக்கிய தொழுவுரம் இட்டு, அதனுடன் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நீர் விடுங்கள். சில வாரங்களில் கணுக்களில் இளந்துளிர் வெடிக்கும். அந்தத் துளிர் வளர்ந்து நான்கைந்து இணை இலை விட்டபின் நுனியை உற்றுப் பாருங்கள்: மிளகைவிடச் சிறியதாகப் பச்சை மொட்டுகள், நடுவில் ஒன்றும் இருபுறமும் இரண்டுமாக, மூன்று மூன்றாக அமர்ந்திருக்கும். மாசிக் கடைசியில் தொடங்கும் இந்த வரத்து சித்திரை, வைகாசியில் உச்சத்துக்குப் போகும்.

இரண்டு மூன்று செடி வைத்திருப்பவர்கள் அனைத்தையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒன்றை மார்கழித் தொடக்கத்திலும் மற்றதைத் தை பிறந்த பிறகும் வெட்டினால் பூ ஒரேயடியாக வந்து தீராமல் பகிர்ந்து வரும். ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியிலும் முல்லையை ஜனவரி கடைசியிலும் வெட்டுவது மரபு; அவற்றுக்குச் சென்னையிலும் அதே நாட்கள் சரியாக இருக்கும்.

மல்லிகைச் செடி பச்சைப்பசேலென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. ஏன்?

நிழல், அளவுக்கு மீறிய தண்ணீர், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். குறைந்தது ஐந்து மணி நேர நேரடி வெயில் இல்லாமல் மல்லிகை பூக்காது. கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாரந்தோறும் ஊற்றுபவர்கள் மாசியிலிருந்து அதை நிறுத்திவிட்டு, சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உள்ள உரத்துக்கு மாறிப் பாருங்கள்.

மொட்டுகள் ஊதாநிறமாகி, விரியாமலே உதிர்கின்றன. என்ன செய்வது?

உதிர்ந்த மொட்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே துளையிட்டு உண்ணும் பச்சைநிறப் புழு இருந்தால் அது மொட்டுப்புழு. அடிப்பகுதி வீங்கி, உள்ளே மிக நுண்ணிய புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. இரண்டுமே செடியடி மண்ணையும் சருகையும் தங்குமிடமாகக் கொள்வதால், மேலே மட்டும் மருந்து தெளித்துப் பயனில்லை. உதிர்ந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்; குப்பை உரத் தொட்டியில் போட வேண்டாம். மேல்மண்ணை வாரம் ஒரு முறை கிளறி வெயில் படவிட்டு, வேப்பம் பிண்ணாக்குத் தூவுங்கள். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, மொட்டு பறித்து முடித்த மாலையில் வாரம் ஒரு முறை தெளிக்கலாம்.

கத்திரி வெயிலில் எவை பூக்கும்? மாடிச் செடிகளை எப்படிக் காப்பது?

மே முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் அக்னி நட்சத்திர நாட்களில் மல்லிகையோடு காகிதப்பூ, அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ், கனகாம்பரம், இட்லிப்பூ ஆகியவை பூக்கும். இவற்றில் காகிதப்பூவுக்குத் தண்ணீர் குறைந்தால்தான் பூ. நாள்தோறும் ஊற்றினால் இலையும் முள்ளும்தான் மிஞ்சும். மண் நன்றாகக் காய்ந்து இலை லேசாகத் துவண்ட பிறகு ஊற்றுவதே அதற்குரிய முறை.

கோடையில் மாடிச் செடிகள் வாடுவதற்கு மேலிருந்து வரும் வெயிலைவிடக் கீழிருந்து ஏறும் சூடே பெரிய காரணம். நேரடியாகத் தளத்தின் மேல் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் விளிம்பை ஒட்டிய வேர்கள் வெந்துவிடுகின்றன. செங்கல்லோ மரச்சட்டமோ வைத்துத் தொட்டியைத் தரையிலிருந்து தூக்குங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழச் செய்யுங்கள். மண்ணின் மேல் தேங்காய் நாரோ சருகோ பரப்புங்கள். 50 விழுக்காடு நிழல்வலை ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் நல்லது, மல்லிகைக்குத் தேவையில்லை. தண்ணீரை விடியற்காலையில் நிறைய ஊற்றிவிடுங்கள். நண்பகலில் குழாயில் வரும் நீர் மாடித் தண்ணீர்த் தொட்டியில் வெயிலில் கொதித்த நீர் என்பதைக் கையை வைத்துப் பார்த்தாலே உணரலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கிறது. பூச்செடிக்கு ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் விளைவைக் கண்காணிக்க வேண்டும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டுவதும், இலை நுனி பழுப்பாகக் கருகுவதும், இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மற்ற பகுதி வெளிறிப்போவதும் உப்பும் காரத்தன்மையும் ஏறிவிட்டதன் அறிகுறிகள். ரோஜா, இட்லிப்பூ, செம்பருத்தி ஆகியவற்றில் இது முதலில் தெரியும். வெளிறல் இரும்புச்சத்தை வேர் எடுக்க இயலாததால் வருவது. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலையின் மேல் தெளித்தால் புது இலைகள் பச்சையாக வரும். இரண்டு வாரம் கழித்து மறுபடி தெளிக்கலாம்.

ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் ஏறக்குறைய உப்பே இல்லாதது. கோடையில் ஓர் இரவில் வாளிக் கணக்கில் சேரும் அந்த நீரைப் பூச்செடிகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பான் வெளியேற்றும் கழிவுநீர் அதற்கு நேர் எதிரானது. வந்த நீரின் உப்பு முழுவதும் அதில் செறிந்திருப்பதால் தொட்டிகளுக்கு வேண்டாம். ஐப்பசி மழையில் தொட்டிகளைத் திறந்த வெளியில் வைத்து அடித்துளை வழியே நீர் வழிந்தோட விடுவதே மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவும் மிகச் சிறந்த வழி.

ஆடிப்பட்டம் பூச்செடிக்கும் பொருந்துமா?

பொருந்தும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதைச் சென்னையில் ஆடிக் கடைசி என்று எடுத்துக்கொள்ளுங்கள்; ஆடி முற்பகுதியின் மேல்காற்று மாடியில் உள்ள இளநாற்றை உலர்த்திவிடும். செண்டுமல்லி விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்குவதால், ஆடிக் கடைசியில் போட்டது ஆயுத பூஜையை ஒட்டிக் கைக்கு வரும். கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை, சங்குப்பூ ஆகியவற்றையும் அப்போதே விதைக்கலாம்.

கனகாம்பரத்தின் விதையைச் சேகரிக்க விரும்புவோர் பூ முடிந்த கதிர் பழுப்பாகக் காயும்வரை காத்திருந்து, மழைக்கு முன்பே நறுக்கி ஒரு துணிப்பையில் இட வேண்டும். காய்ந்த கதிரின் மேல் ஒரு துளி நீர் பட்டாலும் உறைகள் பட்பட்டென்று வெடித்து விதைகளை நாலு பக்கமும் தெறிக்கவிடும். பையில் வைத்தே நீர் தெளித்தால் அத்தனையும் உள்ளே தங்கும். டெல்லிக் கனகாம்பரம் விதை வைக்காது. அதைக் குச்சி வெட்டித்தான் பெருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வாங்கிய சாமந்தி மறு ஆண்டு பூக்கவே இல்லை. ஏன்?

சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும். இருட்டு நேரம் கூடிவரும் ஐப்பசி, கார்த்திகையில்தான் அது மொட்டு வைக்கும்; அந்த வாரங்களில் பால்கனி விளக்கோ தெருவிளக்கோ இரவு முழுவதும் அதன் மேல் விழுந்தால், செடி இன்னும் கோடைதான் என்று எண்ணி இலையாகவே வளரும். விளக்கு படாத மூலைக்கு நகர்த்துவது போதும்.

பூ முடிந்ததும் தண்டைத் தரையிலிருந்து நான்கு விரல் விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து பக்கக் கன்றுகள் வரும். கோடையைப் பாதி நிழலில் கடத்தி, ஆடியில் அக்கன்றுகளைப் பிரித்து நட்டு, ஆவணி வரை நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால் செடி புதராகப் படரும். அதன்பின் கிள்ளினால் மொட்டைக் கிள்ளியதாகிவிடும்.

வடகிழக்குப் பருவமழையின்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளின் மணற்பாங்கான மண்ணில் நீர் உடனே இறங்கிவிடும். சத்தும் கூடவே போய்விடும் என்பதால் மழைக்குப் பின் உரம் தேவை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களின் களிமண்ணில் நீர் தேங்கி வேர் அழுகும். அங்கே மல்லிகையையும் ரோஜாவையும் ஓரடி உயர மேட்டுப் பாத்தியில் நடுவதே பாதுகாப்பு. தொட்டிகளின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று புரட்டாசியிலேயே ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். மழை மாதங்களில் உரம் இட வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் உள்ள தொட்டிகளை முதலில் கீழே இறக்குங்கள். இது செடிக்காக மட்டுமின்றிக் கீழே நடப்பவர்களுக்காகவும்.

தொட்டியடித் தட்டுகளை மழைக்காலம் முழுவதும் எடுத்துவிடுவது நல்லது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களுக்குள் பறக்கத் தொடங்கிவிடும்.

இந்த மாதங்களில் பூக்களுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பவழமல்லி விடியலில் கொட்டுகிறது; நம் மாநில மலரான செங்காந்தள் கொடியில் பச்சையாக விரிந்து மஞ்சளாகிப் பின் தீப்போல் சிவக்கிறது; ரெயின் லில்லி ஒரு நல்ல மழை கண்டதும் ஒரே காலையில் மொத்தமாக எழுகிறது; கார்த்திகையில் டிசம்பர் பூ தொடங்குகிறது. கடையில் வாங்கக் கிடைக்காத பூக்களே இவற்றுள் பெரும்பாலானவை. வீட்டில் தோட்டம் வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

நர்சரியில் பெரிய பூவோடு வாங்கிய ரோஜா ஏன் சிறுத்துப்போகிறது?

குளிர்ச்சியான ஊர்களில் வளர்ந்து வரும் ஒட்டு ரோஜாக்கள் சென்னை வெயிலில் சிறிய பூவே தரும். ஒட்டுக்கட்டின், அதாவது இரண்டு செடிகளை ஒட்டவைத்த இடத்தின், கீழிருந்து முளைக்கும் வேகமான தளிரை உடனே ஒடித்துவிடுங்கள். அது அடிச்செடியினுடையது, விட்டால் மேலே உள்ளதை விழுங்கிவிடும். மார்கழியில் கவாத்து செய்தால் தைக் கடைசியிலும் மாசியிலும் ஆண்டின் மிக நல்ல பூக்கள் கிடைக்கும். ஆண்டு முழுவதும் சீராகப் பூக்க வேண்டுமென்றால் பன்னீர் ரோஜாவே நம் ஊருக்கு ஏற்றது. நிறத்தில் அடக்கமானது, மணத்தில் நிகரில்லாதது.

மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூவை வீட்டிலேயே வளர்க்க முடியுமா?

முடியும். பூசணி விதைத்து ஏறக்குறைய ஆறு ஏழு வாரங்களில் ஆண்பூக்கள் முதலில் வரும்; கோலத்துக்கு அவையே போதும். அக்டோபர் கடைசி வாரத்தில் பெரிய வளர்ப்புப் பையில், மழை நேரடியாக அறையாத இடத்தில் விதையுங்கள். கொடி மாடித் தளத்தில் படர இடம் விடுங்கள். பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் சுருங்கிவிடும். கோலம் போட்ட கையோடு பறித்துச் சாணப் பிள்ளையாரின் தலையில் வைக்கலாம்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருப்பது என்ன?

மாவுப்பூச்சி. கோடையில் மிகும். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மேலே சொன்ன வேப்பெண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்புறத்தில் தெளியுங்கள். அடர்த்தியாகப் பீடித்த நுனியை வெட்டி எறிந்துவிடலாம். எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். எறும்பு ஒழிந்தால்தான் மாவுப்பூச்சியும் ஒழியும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டிய பூச்செடிகள் உண்டா?

அரளியின் இலை, பூ, காய், தண்டு அனைத்தும் நஞ்சு. சிறு அளவும் இதயத்தைப் பாதிக்கும். மஞ்சள் அரளியின் கொட்டை அதனினும் கொடியது. தவழும் குழந்தையோ கடிக்கும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் இவை இரண்டும் வேண்டாம். செங்காந்தளின் எல்லாப் பகுதிகளும், குறிப்பாகக் கிழங்கு, நஞ்சு உடையவை. மழைக்காலம் முடிந்து கொடி காய்ந்த பின் கிழங்கைத் தொட்டி மண்ணிலேயே விட்டு, தண்ணீரை நிறுத்தி, தொட்டியை நிழலில் வைத்துவிடலாம். ஆனி, ஆடியில் மீண்டும் முளைக்கும். தோண்டி எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையுறை அணிந்து எடுத்து, உலர்ந்த மணலில் புதைத்து, மேலே பெயர் எழுதி ஒட்டி, சேனையும் சேப்பங்கிழங்கும் வைக்கும் இடத்துக்கு அருகில்கூட வராதபடி உயரமான பரணில் வையுங்கள்.